தடுப்பூசியும் இஸ்லாமிய மார்க்கச் சட்டமும்

தடுப்பூசி நாளன்று சில வீடுகளின் கதவுகள் திறவாமலிருப்பதைக் கிராமச் சுகாதாரச் செவிலியர்கள் அறிவார்கள். முஸ்லிம் குடும்பங்கள் மிகுதியாக வாழும் ஊர்களில் இதற்குக் காரணம் வினவினால், "மருந்தில் பன்றியின் பொருள் கலந்திருக்கிறதாம்," "நோய் வருவதும் வராததும் இறைவன் விதித்தபடி," "பிள்ளைப்பேறு இல்லாமற் செய்யும் சூழ்ச்சியாம்" என்று மூன்று விதமான விடைகள் கிடைக்கின்றன. இவற்றுள் முதலிரண்டும் மார்க்கத்தைப் பற்றியவை. மூன்றாவது வெறும் வதந்தி. மூன்றையும் ஒன்றாய்க் கட்டிப் பேசுவதாலேயே குழப்பம் நேருகிறது. ஆதலின், இஸ்லாமிய மார்க்கச் சட்டம் இவ்விஷயத்தில் உண்மையில் யாது கூறுகிறது என்பதைச் சங்க அங்கத்தினர்கள் அறிந்துகொள்ளுதல் அவசியம்.

தயக்கம் ஒரு மதத்தாருக்கு மட்டும் உரியதென்று எவரும் எண்ணலாகாது. பெரியம்மையை மாரியம்மனின் வருகையென்று கருதி, ஊசி குத்துதல் அம்மனுக்குச் செய்யும் அவமதிப்பென்று மறுத்த இந்துக்கள் நம் நாட்டில் ஏராளமாய் இருந்தனர். அம்மைப்பால் கன்றின் உடலில் வளர்க்கப்படுவதால் தோஷம் நேருமென்று அஞ்சியோரும் இருந்தனர். தடுப்பூசி பிறந்த இங்கிலாந்திலேயே 1885-ஆம் ஆண்டில் லெஸ்டர் நகரத்தில் அதனை எதிர்த்துப் பெருங்கூட்டம் ஊர்வலம் சென்றது. ஒன்றும் அறியாப் பச்சிளங் குழந்தையின் உடம்பில் ஊசி ஏற்றும்பொழுது பெற்றோர் ஒரு கணம் தயங்குதல் இயல்பே. அத்தயக்கத்தை இகழ்வதனால் பயனில்லை. அதற்கு விடையளிப்பதே முறை.

முதற்கண் சரித்திரத்திலிருந்து ஒரு செய்தி. அம்மை நோயைத் தடுக்கும் முறை முஸ்லிம் நாடுகளுக்கு அந்நியர் கொண்டு புகுத்திய புதுமையென்று நினைப்பது தவறு. எட்வர்டு ஜென்னர் என்னும் ஆங்கில வைத்தியர் பசுவம்மைப் பாலைக் கொண்டு முதன்முதலாகக் குத்தியது 1796-ஆம் ஆண்டில். அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே, துருக்கி சுல்தானின் ராஜ்யத்தில் இலேசான அம்மைக் கொப்புளத்திலிருந்து எடுத்த நீரைக் குழந்தைகளின் தோலில் கீறி வைக்கும் வழக்கம் இருந்தது. ஆங்கிலத் தூதரின் மனைவியாரான மேரி வொர்ட்லி மாண்டேகு அதனைக் கண்டு 1717-இல் தம் தேசத்துக்குக் கடிதம் எழுதினார். மறு ஆண்டு கான்ஸ்டாண்டிநோபிளில் தம் மகனுக்கும் அவ்வாறே செய்வித்தார். அம்முறையே அவர் மூலமாக இங்கிலாந்தில் பெயர் பெற்றது. எகிப்து தேசத்தில் 1832-இல் தொடங்கப்பெற்ற மருத்துவச்சிகள் பாடசாலையில் பயின்ற பெண்கள் குழந்தைகளுக்கு அம்மை குத்தும் வேலையையும் செய்தார்கள்.

இனி மார்க்கச் சட்டத்துக்கு வருவோம். விதியை நம்புகிறவன் மருந்தை நாடலாமா என்பதே இதிற் பழமையான வினா. பதிமூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னரே இதற்கு விடை பிறந்துவிட்டது. பொ.ஆ. 639-ஆம் ஆண்டையொட்டி, இரண்டாம் கலீபாவான உமர் அவர்கள் ஷாம் தேசத்தை நோக்கிப் பிரயாணம் செய்கையில், சர்கு என்னும் இடத்தில், அத்தேசத்தில் கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி எட்டியது. உமர் அவர்கள் தனியே முடிவு செய்யவில்லை. முதலில் மக்காவிலிருந்து வந்த மூத்த தோழர்களையும், பின்பு மதீனாவின் அன்ஸாரிகளையும் கேட்டார்கள். இரு சாராரும் தமக்குள் வேறுபட்டனர். பிறகு குறைஷிகளின் முதியோரைக் கேட்க, அவர்கள் ஒருமுகமாய்த் திரும்பிவிடுதலே தக்கதென்றனர். சங்கக் கமிட்டிகளில் அபிப்பிராய பேதத்தைக் கண்டு மனங்கலங்குவோர் இதனைக் கவனித்தல் நன்று. திரும்புவதென்று தீர்மானமானதும், சேனைத் தலைவரான அபூ உபைதா அவர்கள், இறைவன் விதித்த விதியினின்று ஓடுவதா என்று வினவினார்கள். ஒரு விதியிலிருந்து இறைவனின் மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்னும் கருத்துப்பட உமர் அவர்கள் விடையளித்து, ஓர் உவமையும் கூறினார்கள்: ஒரு பள்ளத்தாக்கின் ஒரு கரை பசும்புல் நிறைந்தது, மறு கரை வறண்டது, ஒட்டகத்தைப் பசுமையில் மேய்த்தாலும் விதியே, வறட்சியில் மேய்த்தாலும் விதியே. அதற்குள் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் அவர்கள் வந்து, கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் நுழையவும் வேண்டாம், நோய் கண்ட ஊரில் இருப்போர் அதைவிட்டு ஓடவும் வேண்டாம் என்ற கருத்தில் நபிகள் நாயகம் அவர்கள் கூறியதைத் தாம் கேட்டதாகத் தெரிவித்தார்கள். கலீபா திரும்பினார்கள். அபூ உபைதா அவர்களோ தம் சேனையோடு ஷாமிலேயே இருந்து, அக்கொள்ளைநோயிலேயே காலமானார்கள்.

இந்நிகழ்ச்சியிலிருந்து உலமாக்கள் பெற்ற விதி தெளிவானது: நோயினின்று காத்துக்கொள்ள முயலுதல் இறைநம்பிக்கைக்கு முரணானதன்று. மருந்து செய்துகொள்ளுங்கள், முதுமை தவிர ஒவ்வொரு நோய்க்கும் இறைவன் மருந்தை வைத்திருக்கிறான் என்னும் கருத்துள்ள ஹதீஸும், ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின்பு இறைவனிடம் பொறுப்பை ஒப்புவிக்கும்படி அறிவுறுத்தும் ஹதீஸும் இதற்குத் துணையாக எடுத்துக் காட்டப்படுகின்றன. "நோய் வந்தபின் மருந்துண்ணுதல் சரி, நோயே இல்லாத குழந்தைக்கு மருந்து எதற்கு?" என்பாரும் உண்டு. காலையில் ஏழு அஜ்வா பேரீச்சம்பழம் உண்பவரை அன்று விஷம் தீண்டாது என்னும் கருத்துள்ள ஹதீஸைச் சான்றாகக் காட்டி, தீங்கு நேருமுன் செய்துகொள்ளும் காப்பும் ஆகுமானதே என்று சவூதி தேசத்தின் முப்தியாயிருந்த இப்னு பாஸ் அவர்கள் விளக்கியுள்ளார்.

பன்றிப் பொருளைப் பற்றிய ஐயம் இதனினும் கடினமானது. ஏனெனில் அது முற்றும் ஆதாரமற்றதன்று. சில தடுப்பூசி மருந்துகள் கெடாதிருக்கும்பொருட்டு ஜெலட்டின் என்னும் பசைப்பொருள் சேர்க்கப்படுகிறது. அது சில சமயம் பன்றியின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. வேறு சில மருந்துகளைத் தயாரிக்கையில், நோய்க்கிருமியை வளர்க்கும் உயிரணுக்களைப் பாத்திரத்தினின்று பிரித்தெடுக்க டிரிப்ஸின் என்னும் சீரண ரசம் பயன்படுகிறது. அதுவும் பன்றியின் கணையத்திலிருந்து பெறப்படுவதுண்டு. எல்லா மருந்துகளிலும் இவை இருப்பதில்லை. இருக்கும் மருந்துகளைப் பற்றி "அப்படி ஒன்றுமில்லை" என்று பிரசாரகர் கூறிவிட்டுச் செல்லுதல் பெருந்தவறு. ஒரு பொய் வெளிப்பட்டால் நூறு உண்மைகளும் நம்பிக்கையிழக்கும்.

பன்றி ஹராம் என்பதில் எந்த மத்ஹபிலும் வேற்றுமையில்லை. எனின், அப்பொருள் சம்பந்தப்பட்ட மருந்து ஆகுமா? இதற்கு மார்க்கச் சட்டத்தில் இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி இஸ்திஹாலா எனப்படுவது. அதாவது ஒரு பொருள் தன் தன்மை முற்றும் மாறி வேறொரு பொருளாகிவிடுதல். மது தானே காடியாகிவிட்டால் அது ஆகுமானது என்பதில் எல்லா மத்ஹபினரும் உடன்படுகின்றனர். ஹனஃபீ நூல்களில் இதற்குக் கூறப்படும் உதாரணம் நம் கடற்கரை மக்களுக்கு எளிதில் விளங்கும்: அசுத்தமான பிராணி ஒன்று உப்பளத்தில் விழுந்து, காலப்போக்கில் உப்பாகவே மாறிவிட்டால், அந்த உப்பு தூய்மையானது, ஏனெனில் அங்கே இப்பொழுது பிராணி இல்லை, உப்பே உள்ளது. இவ்விதியைக் கொண்டே, 1995-ஆம் ஆண்டில் குவைத்தில் கூடிய உலமாக்களும் வைத்தியர்களும், எலும்பும் தோலும் மாற்றமடைந்து உண்டாகும் ஜெலட்டின் தூயதே என்று முடிவு செய்தனர். டிரிப்ஸின் பற்றி 2003-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய ஐரோப்பிய பத்வா சபையார், இளம்பிள்ளைவாதச் சொட்டு மருந்தில் அப்பொருள் வடிகட்டி அகற்றப்பட்டு அடையாளமின்றிப் போவதைக் காட்டி, மருந்து ஆகுமானதென்று தீர்ப்பளித்தனர். அப்படி இல்லையென வைத்துக்கொண்டாலும், தேவையை முன்னிட்டு ஆகுமென்றும் சேர்த்துச் சொன்னார்கள்.

இரண்டாம் வழி, ளரூரத் எனப்படும் தவிர்க்கவியலாத் தேவை. உயிர் போகும் நிலையில் விலக்கப்பட்டதும் அனுமதிக்கப்படும். ஆனால் தேவையின் அளவே அனுமதி. ஷாபிஈ மத்ஹபினர் இஸ்திஹாலாவைக் குறுகிய எல்லைக்குள்ளேயே ஒப்புக்கொள்வர். ஆயினும், தூய்மையான மருந்து கிடைக்காதபொழுது தூய்மையற்ற பொருளைக் கொண்டு சிகிச்சை செய்துகொள்ளுதல் ஆகுமென்று அம்மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவீ அவர்கள் எழுதியுள்ளார். தமிழ்நாட்டில் காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரையூர் முஸ்லிம்களிற் பெரும்பாலோர் ஷாபிஈகள். உள்நாட்டு இராவுத்தர்களிற் பெரும்பாலோர் ஹனஃபீகள். இரு சாராரும் வெவ்வேறு பாதையால் வரினும் வந்து சேரும் வாசல் ஒன்றேயென்பது கவனிக்கத்தக்கது.

ஷாபிஈ நாடாகிய இந்தோனேசியாவில் நடந்தது இதற்கு நல்ல சான்று. அந்நாட்டு உலமா சபையார் 2016-இல் வெளியிட்ட நான்காம் எண் பத்வாவில், நோய்த்தடுப்பு மருந்து பொதுவில் ஆகுமானதென்றும், அதைப் போட்டுக்கொள்ளாவிடில் மரணமோ, கொடிய நோயோ, நிரந்தர அங்கவீனமோ நேருமென்று தகுதிவாய்ந்த நிபுணர் கூறுவாராயின் அது கடமையாகவே ஆகிவிடுமென்றும் கூறினர். பின்னர் 2018-இல், தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் உரிய மருந்தைப் பற்றிய வினா எழுந்தது. அம்மருந்து இந்தியாவில் புனா நகரில் தயாராவது. சபையார் அதனை ஆராய்ந்து, தயாரிப்பில் பன்றிப் பொருள் பயன்படுத்தப்பட்டிருத்தலால் அது ஹராமே என்று ஒளிவுமறைவின்றிச் சொன்னார்கள். சொன்னபின், தேவை கட்டாயமாயிருத்தலானும், தூய்மையான வேறு மருந்து கிடைக்காமையானும், போடாவிடில் விளையும் அபாயத்தை நம்பத்தக்க நிபுணர்கள் எடுத்துரைத்தமையானும், அதைப் பயன்படுத்துதல் ஆகுமென்று 2018 ஆகஸ்டு மாதத்தில் தீர்ப்பளித்தார்கள். தூய்மையான மருந்து கண்டுபிடிக்கப்படும்பொழுது இவ்வனுமதி நீங்கிவிடும் என்பதையும் அதிலேயே எழுதி வைத்தார்கள்.

அத்தீர்ப்பின் அமைப்பே ஒரு பாடம். மருந்தில் என்ன இருக்கிறது, நோய் எவ்வளவு அபாயமானது, வேறு மருந்து உண்டா என்பவை ஒரு வகை வினாக்கள். அவற்றுக்கு விடை கூறத்தக்கவர் வைத்தியர். அந்நிலையில் அம்மருந்து ஆகுமா என்பது வேறு வினா. அதற்கு விடை கூறத்தக்கவர் ஆலிம். இந்தோனேசிய உலமாக்கள் முதல் வினாவை நிபுணரிடம் விட்டு, இரண்டாம் வினாவைத் தாம் எடுத்துக்கொண்டனர். ஊர்களில் நடப்பதோ பெரும்பாலும் தலைகீழ். மருந்தின் சேர்மானத்தைப் பற்றிச் சந்தையில் கேட்ட பேச்சே ஆதாரமாகிவிடுகிறது; மார்க்கத் தீர்ப்பையோ மார்க்கம் படியாத ஒருவர் கூறுகிறார். கணக்குப் புத்தகத்தைப் பாராமல் சங்கத்தின் லாப நஷ்டத்தை நிச்சயிப்பதற்கு இது ஒப்பானது.

தீர்ப்பு வெளிவந்த பின்னும் அந்நாட்டில் எல்லாம் சீராகிவிடவில்லை. ஜாவாத் தீவில் 2017-இல் குறிக்கப்பட்ட அளவு குழந்தைகளுக்கு மருந்து போடப்பட்டது. 2018-இல் ஏனைய தீவுகளில் அவ்வளவு எட்டப்படவில்லை. ஆச்சே மாகாணத்தில் மிகக் குறைவானவர்களே போட்டுக்கொண்டனர். அதே மாகாணத்தில் 2022 நவம்பரில், பிடீ மாவட்டத்தில் ஏழு வயதுக் குழந்தையொன்று இளம்பிள்ளைவாதத்தால் கால் சூம்பிக் கிடந்தது கண்டுபிடிக்கப்பட்டது. இங்கு ஓர் உண்மையையும் மறைக்காமற் கூறவேண்டும்: அந்நோயை உண்டாக்கியது, சொட்டு மருந்திலுள்ள வலிமை குன்றிய கிருமி, மருந்து பெறாத குழந்தைகள் மிகுந்த இடத்தில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவிப் பரவி மீண்டும் வலிமை பெற்றதனால் ஆனது. பெரும்பாலோர் மருந்து பெற்றுள்ள இடத்தில் அக்கிருமிக்கு அவ்வாறு பரவ வழியில்லை.

வதந்தியின் விளைவுக்கு நைஜீரியாவின் கானோ மாகாணத்தை உதாரணமாகக் கூறலாம். அம்மாகாணத்தில் 2003-ஆம் ஆண்டில், சொட்டு மருந்தில் மலடாக்கும் பொருள் கலந்துள்ளதென்னும் பேச்சு பரவி, மருந்து கொடுப்பது ஓராண்டளவு நின்றுபோயிற்று. அம்மக்கள் காரணமின்றிச் சந்தேகித்தார்கள் என்பதற்கில்லை. அங்கே 1996-இல் மூளையுறைக் காய்ச்சல் பரவியபொழுது, அயல்நாட்டு மருந்துக் கம்பெனியொன்று சுமார் 200 குழந்தைகளைக் கொண்டு புதுமருந்தொன்றைப் பரீட்சை செய்ததும், அவர்களிற் சிலர் இறந்ததும், வழக்குகள் நடந்ததும் அவர்கள் நினைவிலிருந்தன. கடைசியில், மருந்தைச் சோதிக்க நைஜீரிய நிபுணர்களும் முஸ்லிம் தலைவர்களும் அடங்கிய குழு வெளிநாடுகளுக்குச் சென்று வந்தது. முஸ்லிம் நாடான இந்தோனேசியாவில் தயாரான மருந்து தருவிக்கப்பட்டு, 2004-இல் மீண்டும் வேலை தொடங்கிற்று. அதற்குள் கிருமி எல்லை கடந்துவிட்டது. சுமார் இருபது நாடுகளில் அது பரவியது. மருந்தனுப்பிய இந்தோனேசியாவுக்கே 2005-இல் வந்து, சுமார் 300 குழந்தைகளை முடமாக்கியது.

பாகிஸ்தானத்தில் 2011-இல் அமெரிக்க உளவுத் துறையினர் அபோட்டாபாத் நகரில் ஒருவரைத் தேடுவதற்காகப் போலியான தடுப்பூசி முகாம் ஒன்றை நடத்தியமை வெளியானதும், அந்நாட்டு மக்களின் நம்பிக்கை குலைந்தது. அடுத்த ஆண்டு முதல் சொட்டு மருந்து கொடுக்கச் சென்ற பெண்களும், அவர்களுக்குக் காவல் சென்றோரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். மருத்துவத்தைச் சூழ்ச்சிக்குக் கருவியாக்கியோர் செய்தது மன்னிக்கத் தக்கதன்று. அதற்குப் பழி வீடு வீடாய்ச் சென்ற ஏழைப் பெண்கள்மேல் விழுந்தது அதனினும் கொடிது.

நம் நாட்டிலும் இச்சோதனை நேர்ந்தது. 2002-இல் இந்தியாவில் சுமார் 1,600 குழந்தைகளுக்கு இளம்பிள்ளைவாதம் கண்டது. பெரும்பகுதி ஐக்கிய மாகாணம் எனப் பழம்பெயர் பெற்ற உத்தரப் பிரதேசத்தில். அங்கு மேற்கு மாவட்டங்களில் பல முஸ்லிம் குடும்பங்கள் மருந்தை மறுத்தன. அலிகார் முஸ்லிம் சர்வகலாசாலையாரும், டில்லியிலுள்ள ஜாமியா மில்லியா, ஜாமியா ஹம்தர்து கலாசாலையாரும், உலமாக்களும், பள்ளிவாசல் இமாம்களும் முன்வந்து ஜனங்களோடு பேசினர். மருந்து கொடுப்போர் வரும் நாள் பள்ளிவாசல்களிலேயே அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் கடைசியாக அந்நோய் கண்டது 2011 ஜனவரி மாதத்தில், மேற்கு வங்காளத்து ஹௌராவில். 2014 மார்ச்சு மாதத்தில் நாடு அந்நோயினின்று விடுபட்டதாகச் சான்று பெற்றது. தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போடத் தொடங்கியபொழுதும் கைப்பேசி வழியாகப் பல புரளிகள் கிளம்பின. அவற்றை நம்பித் தயங்கியவர்களில் எல்லா மதத்தாரும் இருந்தனர்.

"என் பிள்ளைக்குப் போடாவிட்டால் என் பிள்ளைக்குத்தானே நஷ்டம்?" என்னும் கேள்விக்குச் சங்க அங்கத்தினருக்கு விடை கூறுதல் எளிது. எல்லையற்ற ஜவாப்தாரி என்னும் ஏற்பாட்டின்படி அமைந்த பழைய நாணயச் சங்கங்களில், ஒருவர் கடன் தவறினால் அதன் சுமை ஏனைய அங்கத்தினர் எல்லோர் தலையிலும் விழும். தொற்றுநோயும் அத்தகையதே. தட்டம்மை பரவாமல் தடுக்க ஊரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேராவது காப்புப் பெற்றிருத்தல் வேண்டும். ஊசி போடும் வயது எட்டாத கைக்குழந்தையும், நோயின் காரணமாக ஊசி போடக்கூடாதவரும் மற்றவர்களின் காப்பிலேயே வாழ்கின்றனர். தனக்கும் தீங்கு கூடாது, பிறருக்கும் தீங்கு செய்தல் கூடாது என்பது இஸ்லாமியச் சட்டத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்று. உயிரைக் காத்தல் அச்சட்டத்தின் ஐந்து நோக்கங்களுள் ஒன்றென்று இமாம் கஸ்ஸாலீ அவர்கள் வகுத்துள்ளார்.

பெரியம்மை உலகினின்று ஒழிந்த கதையில் ஒரு முஸ்லிம் இளைஞரின் பெயர் நிலைத்துள்ளது. சோமாலியா நாட்டில் மெர்க்கா நகரத்து ஆஸ்பத்திரியில் சமையல் வேலை பார்த்த அலி மாவ் மாலின் என்பவருக்கு 1977 அக்டோபரில் அந்நோய் கண்டது. இயற்கையாகப் பரவிய பெரியம்மை உலகிலேயே கடைசியாகத் தீண்டியது அவரைத்தான். ஊசி வலிக்குமென்று அஞ்சி அதனைத் தவிர்த்ததாக அவரே பிற்காலத்திற் கூறினார். பிழைத்தெழுந்த அவர், பின்னாளில் தம் நாட்டில் இளம்பிள்ளைவாதச் சொட்டு மருந்துக்காகத் தாய்மாரிடம் சென்று பேசும் தொண்டில் ஈடுபட்டு, 2013-இல் அத்தொண்டினிடையே மலேரியாக் காய்ச்சலால் இறந்தார்.

தடுப்பூசி ஆகாதென்று கூறும் ஆலிம்களும் சிற்சில இடங்களில் உளர். அவர்கள் மிகச் சிலரே. மறுபுறம், ஹஜ் யாத்திரை செல்வோர் மூளையுறைக் காய்ச்சலுக்கு எதிரான ஊசி போட்டுக்கொண்ட சான்றின்றிச் செல்லுதல் இயலாது. 1987-இல் ஹஜ்ஜையொட்டி அந்நோய் பரவியதன் விளைவாகச் சவூதி அரசு இவ்விதியை ஏற்படுத்தியது. ஊரில் ஹஜ் செய்து திரும்பிய பெரியவர்கள் உளராயின், அவர்களும் ஊசி போட்டுக்கொண்டே சென்றிருப்பார்கள். அவர்களைக் கொண்டு இவ்விஷயத்தைப் பேசச் செய்தல் துண்டுப் பிரசுரத்தினும் பயன் தரும்.

நோன்பைப் பற்றியும் வினவுவார்கள். உடம்பில் குத்தும் தடுப்பூசி உணவுமன்று, பானமுமன்று. ஆதலால் நோன்பு முறியாதென்று சவூதி தலைமை முப்தி அவர்கள் 2021-இல் கொரோனா ஊசியைப் பற்றிக் கூறினார். வாய்வழிச் சொட்டு மருந்து பெரும்பாலும் சிறு குழந்தைகளுக்கே கொடுக்கப்படுவதாதலின், அதில் இவ்வினா எழுவது அரிது.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் தடுப்பூசிகள் பெரும்பாலும் புதன்கிழமைகளில் போடப்படுகின்றன. பிறந்தவுடன் காசநோய், இளம்பிள்ளைவாதம், மஞ்சட்காமாலை இவற்றுக்குரியவையும், ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி முதலியவற்றுக்குரியவையும், ஒன்பது மாதம் நிறைந்தபின் தட்டம்மை–ரூபெல்லாவும் இலவசமாய்க் கிடைக்கும். ஐயமுள்ள தகப்பனார், மருந்தின் பெயரையும் அதன் சேர்மானத்தையும் செவிலியரிடமோ ஆரம்பச் சுகாதார நிலைய வைத்தியரிடமோ கேட்டு ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு, அச்சீட்டோடு தம் ஊர்ப் பள்ளிவாசல் ஆலிமிடம் சென்று வினவலாம். அதற்கு ஒரு வாரம் பிடித்தாலும் அடுத்த புதன்கிழமைக்குள் முடிந்துவிடும்.